ஓரத்தில் நின்ற நாயகர்கள்: காமிக்ஸில் வெல்வது யார் என்பதை முடிவு செய்வது யார்?

1948ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில், தேயா பொனெல்லி என்ற பெண்மணி நடத்திவந்த சிறிய பதிப்பகம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு காமிக்ஸ் தொடர்களைத் தொடங்கியது. இரண்டுக்கும் கதை ஜான் லூயிஜி பொனெல்லி. இரண்டுக்கும் ஓவியம் அவுரேலியோ கலெப்பினி. முதல் தொடரின் பெயர் 'ஓக்கியோ கூப்போ'. வாள்வீச்சு நாயகன், பெரிய அளவுப் பக்கங்கள், பார்த்துப் பார்த்து இழைத்த ஓவியம். பதிப்பகத்தின் நம்பிக்கை முழுவதும் அதன்மேல்தான் இருந்தது. கலெப்பினியின் பகல் பொழுதெல்லாம் அதற்கே போனது. இரவில், மிச்சமிருந்த தெம்பில் அவர் வரைந்தது இரண்டாவது தொடர். காசோலைப் புத்தகம்போல நீளவாட்டில் ஒடுங்கிய சிறு பதிப்பு. விலை 15 லிரா. அதன் கௌபாய் நாயகனுக்கு முதலில் யோசித்த பெயர் 'டெக்ஸ் கில்லர்'. கொலைகாரன் என்று பொருள்படும் பெயர் எதற்கு என்று தேயா தயங்கியதில் ஓர் எழுத்து மாறி, டெக்ஸ் வில்லர் ஆனது.

வாள்வீரன் வெகுகாலம் தாக்குப்பிடிக்கவில்லை. டெக்ஸ் 75 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறார். அதே எழுத்தாளர், அதே ஓவியர், அதே பதிப்பகம், அதே பருவம். உழைப்புக்கேற்ற பலன் என்பது உண்மையானால் பகல் வேலை அல்லவா வென்றிருக்க வேண்டும்?

காமிக்ஸ் வரலாற்றைச் சற்றுப் புரட்டினால் இப்படி ஓரத்தில் நின்றவர்கள் நடுவுக்கு வந்த கதைகள் வரிசையாகக் கிடைக்கின்றன. எனக்குப் பிடித்தது பாப்பாயின் கதை. அமெரிக்காவில் ஈ. சி. சீகர் 1919 முதல் 'திம்பிள் தியேட்டர்' என்ற நாளிதழ்த் தொடரை வரைந்துவந்தார். ஆலிவ் ஆயில், அவளுடைய அண்ணன் காஸ்டர் ஆயில், அவளுடைய காதலன் ஹாம் கிரேவி ஆகியோர்தான் அதன் ஆட்கள். பத்தாண்டுகள் அவர்களை வைத்தே வண்டி ஓடியது. கதைப்படி அவர்கள் ஒரு தீவுக்குக் கப்பலில் போக வேண்டியிருந்ததால், 1929 ஜனவரி 17 அன்று துறைமுகத்தில் ஓர் ஆளைத் தேடுகிறார்கள். முன்கை புடைத்த, முகம் கோணிய ஒருவன் நிற்கிறான். "நீ மாலுமியா?" என்று காஸ்டர் கேட்கிறான். "பின்னே, மாடு மேய்க்கிறவன் மாதிரியா தெரிகிறேன்?" என்று பதில் வருகிறது.

அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் வாடகைக்கு அமர்த்தப்பட்ட ஆள் அவன். பயணம் முடிந்ததும் சீகர் அவனை அனுப்பிவிட்டார். வாசகர்கள் விடவில்லை, மாலுமி எங்கே என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. சில வாரங்களில் பாப்பாய் திரும்பி வந்தான். வந்தவன் ஆலிவின் மனத்தையும் பிடித்தான், தொடரையும் பிடித்தான். பத்தாண்டு காலம் காதலனாக இருந்த ஹாம் கிரேவி பெட்டியைக் கட்ட வேண்டியதாயிற்று. 1937இல், கீரை விளையும் டெக்சஸ் ஊரான கிரிஸ்டல் சிட்டியில் பாப்பாய்க்குச் சிலையே வைத்தார்கள். ஹாம் கிரேவியை இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

இதே ரகத்தில் இன்னும் சிலர். 1947இல் கார்ல் பார்க்ஸ் ஒரே ஒரு கிறிஸ்துமஸ் கதைக்காக டொனால்ட் வாத்துக்கு ஒரு கஞ்ச மாமாவை உருவாக்கினார். அந்த ஸ்க்ரூஜ் பின்னர் தன் பெயரிலேயே தனி இதழ் கண்டார். 1962இல் மூடப்படவிருந்த ஓர் இதழின் கடைசி எண்ணில் ஸ்பைடர்மேன் தலைகாட்டினான். அடுத்த ஆண்டே அவனுக்குத் தனி இதழ். 1974இல் ஹல்க்கோடு மோதிவிட்டுப் போக வந்த எதிராளிதான் வுல்வரின்.

வாசகருக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்பது படைப்பவரின் காதுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? நம் ஊர்ப் பேச்சில் "மக்கள் தீர்ப்பு" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தீர்ப்பைச் சொல்ல ஒரு வழி வேண்டும். அந்த வழி எப்படி அமைகிறதோ, அதற்கேற்பத் தீர்ப்பும் மாறும். சீகரின் காலத்தில் கடிதம்தான் வழி. உட்கார்ந்து கடிதம் எழுதுபவர் ஆயிரத்தில் ஒருவர். மற்றவர்கள் வாங்குவதும் வாங்காமல் விடுவதுமாகத் தங்கள் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விற்பனைக் கணக்கோ மாதக்கணக்கில் தாமதித்து வரும். அதுவும் இதழ் முழுவதற்குமான கணக்கு. உள்ளே எந்தக் கதைக்காக வாங்கினார்கள் என்பதை அது சொல்லாது.

இந்தச் சிக்கலுக்கு ஜப்பானியர்கள் ஓர் இயந்திரத்தையே உருவாக்கினார்கள். ஷூயிஷா நிறுவனம் 1968இல் 'ஷோனென் ஜம்ப்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கியபோது, போட்டி இதழ்களான 'ஷோனென் மேகசீன்', 'ஷோனென் சண்டே' இரண்டும் ஒன்பது ஆண்டு மூத்தவை. பெயர்பெற்ற ஓவியர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். பின்னால் வந்தவர்களுக்குப் புதுமுகங்களே மிச்சம். புதுமுகங்களில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று ஆசிரியர் குழுவுக்கே தெரியாத நிலையில், வாசகரிடமே கேட்டுவிடுவது என்று முடிவானது. இதழோடு ஒரு தபால் அட்டை. இந்த இதழில் உனக்குச் சுவையாக இருந்த மூன்று கதைகள் எவை என்பதுதான் அதிலுள்ள முக்கியமான கேள்வி.

ஒரு நிமிடம் அந்த அட்டையைக் கண்முன் கொண்டுவாருங்கள். இதழில் ஏறக்குறைய இருபது தொடர்கள் ஓடுகின்றன. பள்ளிவிட்டு வந்த ஒரு பையன் மூன்றை எழுதித் தபாலில் போடுகிறான். அவனைப்போல ஆயிரக்கணக்கானோர். அட்டைகள் வந்து சேர்ந்ததும் எண்ணித் தரவரிசை போடப்படுகிறது. மேலே நிற்பவர்களுக்கு முன்பக்கங்களும் வண்ணப் பக்கங்களும். கீழே நிற்பவர்கள் வாரந்தோறும் இதழின் பின்பக்கத்தை நோக்கி நகர்கிறார்கள். புதுத் தொடர் ஒன்று தொடக்க வாரங்களில் அட்டைகளில் இடம்பிடிக்கத் தவறினால், பத்து வாரம் சொச்சத்திலேயே அதற்கு முற்றும் போட்டுவிடுவார்கள். ஓவியருக்குக் கதையைக் கௌரவமாக முடித்துக்கொள்ளக்கூட நேரமிருக்காது. வில்லனின் முகமே காட்டப்படாமல் "எங்கள் போராட்டம் இனிதான் தொடங்குகிறது" என்ற ரீதியில் ஓடிப்போய் முடிந்த தொடர்கள் ஜப்பானில் ஒரு தனி நகைச்சுவையாகவே ஆகிவிட்டன.

கசுகி தகாஹாஷி 1996இல் 'யூ-கி-ஓ!' தொடரை இந்த இதழில்தான் தொடங்கினார். அது சீட்டு விளையாட்டுக் கதையே அல்ல. பயந்த சுபாவமுள்ள ஒரு மாணவனுக்குள் இன்னொருவன் விழித்தெழுந்து, வாரம் ஒரு விளையாட்டு வைத்து அயோக்கியர்களைத் தண்டிப்பான். அந்த விளையாட்டுகளில் ஒன்றாக, இரண்டு வாரத்தோடு முடித்துக்கொள்ளும் எண்ணத்தில், ராட்சதர்கள் மோதும் ஒரு சீட்டாட்டத்தை அவர் புகுத்தினார். வாசகர்களின் வரவேற்பு அவர் எதிர்பாராத அளவுக்கு இருந்தது. சீட்டாட்டம் திரும்ப வந்தது, பிறகு மெல்ல மெல்லக் கதை முழுவதையும் விழுங்கியது. இன்று உலகெங்கும் கடைகளில் விற்கும் அந்தச் சீட்டுக்கட்டுகளின் பின்னால் இருப்பது இரண்டு வாரத்துக்கென்று எழுதப்பட்ட ஒரு துணைக்கதை. தகாஹாஷி சீட்டாட்டத்தைக் கண்டுபிடித்தார். அதுதான் கதை என்பதைக் கண்டுபிடித்தவர்கள் வாசகர்கள்.

இந்த இயந்திரம் தருவதைப் போலவே பறிக்கவும் செய்யும். அகிரா தோரியாமாவின் 'டிராகன் பால்' 1984இல் தொடங்கியபோது, சீனப் புராணக் கதையான 'மேற்கு நோக்கிய பயண'த்தின் சாயலில், சிரிப்பும் அலைச்சலுமாகப் போனது. தரவரிசை இறங்கவே, நாயகன் சுவையற்றிருப்பதாக ஆசிரியர் கசுஹிகோ தோரிஷிமா சொன்னார். தற்காப்புக் கலைப் போட்டி ஒன்றைத் தோரியாமா உள்ளே கொண்டுவந்தார், தரவரிசை எகிறியது. அதன்பின் சண்டை, அதைவிடப் பெரிய எதிரி, அதைவிடப் பெரிய சண்டை என்று 1995 வரை ஓடியது. இதழின் விற்பனை அந்தக் காலத்தில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அவ்வளவு பேர் காத்திருக்கும்போது ஒருவர் எழுந்து போக முடியுமா? நகைச்சுவை ஓவியராக அறிமுகமான தோரியாமாவின் கையை வாசகர்களின் கைகள் பிடித்து இழுத்துக்கொண்டுபோன இந்தப் பதினோரு ஆண்டுகளில் நமக்குக் கிடைத்தது பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் தன் போக்கில் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அந்த இன்னொரு சிரிப்புக் கதையை நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வதுண்டு.

வாசகர்களின் வலிமைக்கு இன்னொரு முகமும் உண்டு. 'அஷிதா நோ ஜோ' என்ற குத்துச்சண்டைத் தொடரில் நாயகன் ஜோவுக்கு ரிகிஷி என்றோர் எதிராளி. ஓவியர் தெத்சுயா சிபா ரிகிஷியைத் தொடக்கத்தில் ஜோவைவிட மிகப் பெரிய உருவமாக வரைந்துவிட்டார். குத்துச்சண்டையில் எடைப்பிரிவு உண்டு. இருவரும் மோதவேண்டுமானால் ஒருவர் இளைத்தாக வேண்டும். வரைந்த கோட்டை அழிக்க முடியாததால், ரிகிஷி சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் உடம்பைக் கரைத்துக்கொள்வதாகக் கதை போனது. வளையத்தில் வென்றுவிட்டுச் செத்தும் போனான். 1970 மார்ச் 24 அன்று டோக்கியோவில் கோடான்ஷா பதிப்பகத்தின் அரங்கில் அவனுக்கு உண்மையாகவே இறுதிச்சடங்கு நடந்தது. நாடகக்காரரும் கவிஞருமான ஷூஜி தெராயாமா முன்னின்று நடத்தினார். ஏறத்தாழ 700 பேர் திரண்டார்கள். வளையம் போன்ற மேடை, துறவி, ஊதுவத்தி, காகிதத்தில் மட்டுமே வாழ்ந்த ஒருவனுக்கு அஞ்சலி. கதை எழுதியவர்கள் ரிகிஷியைச் சாகடித்தார்கள். அவன் சாதாரணத் துணைப்பாத்திரம் அல்ல என்பதைச் சொன்னவர்கள் அந்த 700 பேர்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு. பேட்மேனின் துணைவன் ராபினாக அப்போது இருந்தவன் ஜேசன் டாட். முந்தைய ராபினின் இடத்துக்கு வந்த அவனைப் பலருக்கும் பிடிக்கவில்லை. ஆசிரியர் டென்னிஸ் ஓ'நீல் முடிவை வாசகரிடம் விட்டார். இரண்டு தொலைபேசி எண்கள். ஒன்று அவன் பிழைக்க, மற்றொன்று சாக. அழைப்புக்கு 50 சென்ட். 36 மணி நேரம் அவகாசம். ஓவியர் இரண்டு முடிவுகளுக்கும் பக்கங்களைத் தயாராக வைத்திருந்தார். சாக வேண்டும் என்று 5,343 அழைப்புகள். வாழ வேண்டும் என்று 5,271. வித்தியாசம் 72. பையன் செத்தான்.

ஒருவர் தன் கணினியை மீண்டும் மீண்டும் அழைக்கும்படி அமைத்து, மணிக்கணக்கில் சாவு எண்ணுக்கே போட்டுக்கொண்டிருந்ததாகத் தான் கேள்விப்பட்டதை ஓ'நீலே பின்னாளில் சொன்னார். அது உண்மையோ பொய்யோ, 72 அழைப்புகள் தீர்மானித்த முடிவை "வாசகர்கள் தீர்ப்பு" என்று சொல்ல நா கூசுகிறது. ஜப்பானியத் தபால் அட்டை வாராவாரம் கேட்கிறது, "எது பிடித்தது" என்று கேட்கிறது. தொலைபேசி ஒரே முறை கேட்டது, "கொல்லட்டுமா" என்று கேட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

வாசகர் கை ஓங்காமல் போன இடங்களும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஈசி காமிக்ஸ் வெளியிட்ட திகில் இதழ்கள் சக்கைப்போடு போட்டன. இவை பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று கூச்சல் எழுந்து, 1954இல் செனட் விசாரணை வரை போனது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு நெறிமுறையை வகுத்தார்கள்; 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் தலைப்பில்கூட வரக்கூடாது என்றார்கள். விநியோகஸ்தர்கள் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். கடைக்கு வராத இதழை வாசகன் எங்கே போய்த் தேர்ந்தெடுப்பான்? வாசகருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கடையில் தொங்குவதற்குள்தான். தொங்கவிடுவது வேறு கைகள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சிவகாசிக்கு வருவோம். 1960களில் லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனம் வாரச் சிறுவர் இதழ்களில் இரண்டு இரண்டு பக்கமாகத் தொடர்களை வெளியிட்டுவந்தது. அவற்றில் ஒன்று 1962இல் 'வேலியன்ட்' இதழில் தொடங்கிய 'ஸ்டீல் கிளா'. ஆய்வகத்தில் வேலைபார்க்கும் லூயிஸ் கிராண்டேலுக்கு ஒரு கை உலோகத்தாலானது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். 1967இல் அதே நிறுவனம் சட்டைப்பைக்குள் அடங்கும் முழுநீளக் கதைப் புத்தகங்களை வெளியிட்டது. கிராண்டேலோடு ஸ்பைடர், ஜானி நீரோ, லாரன்ஸ்-டேவிட் ஆகியோரும் அவற்றில் வந்தார்கள். ஓராண்டு சொச்சத்தில் அந்த வரிசை மூடப்பட்டது. பிரிட்டனைப் பொறுத்தவரை அந்தப் புத்தகங்களின் கதை அத்தோடு முடிந்தது.

1972இல் சிவகாசிப் பதிப்பான முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது; கிராண்டேலின் தமிழ்ப் பெயர் அது. பிரிட்டனில் ஓராண்டில் சலித்துப்போன அந்தப் புத்தகங்களின் நாயகர்களான மாயாவி, ஜானி நீரோ, லாரன்ஸ்-டேவிட் மூவரையும் தமிழ் வாசகர்கள் 'மும்மூர்த்திகள்' என்றே அழைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் மறுபதிப்பு கேட்டார்கள், கிடைத்தது. ஏன் அவர்கள்? பக்கத்துக்கு இரண்டு மூன்று படங்களே கொண்ட அந்தப் புத்தகங்கள் சிறிய தாளில் தெளிவாக அச்சாகும். கதை ஒரே இதழில் முடியும், அடுத்த மாதம் கையில் காசு இருக்குமோ என்ற கவலை வேண்டாம். இவை வெளிக்காரணங்கள். என் சொந்த ஊகம் வேறு. எங்கள் ஊர்ப் பக்கம் பல வீடுகளுக்கு அப்போதுதான் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. பிளக் பக்கம் போகாதே என்று அம்மா கத்திக்கொண்டிருக்கும் வீட்டில், ஒருவன் விரலை அதற்குள் விட்டு மாயமாகிறான் என்றால் எந்தப் பையன் சும்மா இருப்பான்? போதாததற்கு, 'மாயாவி' என்ற சொல் பாட்டி சொன்ன கதைகளிலேயே புழங்கியது. லண்டன்காரருக்கு அவன் விஞ்ஞானக் கோளாறு. நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள்.

நான் படித்ததெல்லாம் எங்கள் தெருமுனை வாடகை நூலகத்தில். வாசகர் எந்த நாயகன் பக்கம் என்பதை அறிய அங்கே கணக்குப் பேரேடு தேவையில்லை. புத்தகத்தின் ஓரத்தைப் பார்த்தால் போதும். மாயாவி, டெக்ஸ் புத்தகங்களின் வலது கீழ்முனை எண்ணெய்ப் பிசுக்கேறி, கறுத்து, காது மடங்கி, பழுப்புத்தாள் அட்டையோடு இருக்கும். கடைசிப் பக்கத்தை யாரோ கிழித்திருப்பார்கள். அலமாரியின் மேல்தட்டில் சில புத்தகங்கள் மணம்கூட மாறாமல் புத்தம்புதிதாக நிற்கும். நல்ல ஓவியமும் நல்ல கதையும் கொண்ட சிலவும் அந்தத் தட்டில் இருந்தன என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். பிரபலம் வேறு, தரம் வேறு. இரண்டும் சில நேரம் ஒரே புத்தகத்தில் சந்தித்துக்கொள்கின்றன, அவ்வளவே.

இப்போது நூலகம் போய் முன்பதிவு வந்துவிட்டது. முத்து காமிக்ஸ், அதன் சகோதர இதழான லயன் ஆகியவற்றின் வெளியீடுகளில் பெரிய தொகுப்பு ஒன்று வரவேண்டுமானால் வாசகர்கள் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். பதின்மூன்று என்ற எண்ணைக் கழுத்தெலும்பருகே பச்சைகுத்திக்கொண்டு அலையும் நாயகனின் 'இரத்தப் படலம்' வண்ணத்தில் வந்தது அப்படித்தான். சென்னைப் புத்தகக் காட்சியிலும், ஈரோட்டில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் புத்தகத் திருவிழாவிலும் நரை விழுந்த வாசகர்கள் கூடி, அடுத்த ஆண்டு யார் வேண்டும், யார் போதும் என்று ஆசிரியர் விஜயனிடமே வாதிடுகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் எந்தப் பதார்த்தம் தீர்ந்தது, எது இலையில் மிஞ்சியது என்று சமையல்காரர் கண் வைப்பதுபோல அவரும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தப் பந்தியில் உட்காருபவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தொட்டவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று வந்து உட்கார்ந்தால் என்ன கேட்கும் என்பது இந்த வாக்கெடுப்பில் தெரியாது.

அந்தப் பந்தியில் எப்போதும் முதலில் தீர்வது டெக்ஸ்தான். பிற நாயகர்கள் ஆண்டுக்கு ஓரிரு இதழோடு நிற்க, 'இரவுக் கழுகார்' ஆண்டு முழுவதும் வருகிறார். மிலானில் இரவு வேலையாகப் பிறந்தவனுக்குத் தமிழில் இரவுக் கழுகு என்றே பெயர் வாய்த்தது. அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்கள் கதைக்குள் அவனுக்குச் சூட்டிய பெயர் அது. அவனை வரைந்த கலெப்பினி அதன்பின் வேறெந்த நாயகனிடமும் நிலையாகத் தங்கவில்லை. 1994 பிப்ரவரியில் வந்த 400ஆம் இதழின் அட்டையை அவரே வரைந்தார். குதிரைமேல் இருந்தபடி டெக்ஸ் நம்மைப் பார்த்து விடைகொடுக்கும் படம். அடுத்த மாதம் கலெப்பினி காலமானார்.